பனையின்ர வாயில மைக்கை நீட்டாதேங்கோ

பள்ளிக்கூடத் தன்வரலாற்றுக் கட்டுரையில் குடை பேசியது, பழைய கதிரை பேசியது, பத்து ரூபா நோட்டும் பேசியது. எல்லாம் நல்ல தமிழில், கடைசிப் பந்தியில் ஒரு புத்திமதியோட. எங்கட மிகுபுனைவுக் கதைகள் இன்னும் அந்தக் கொப்பியை மூடேல்லை. பனை யுத்தத்தைச் சொல்லி அழுகுது. முனி சாதியைப் பற்றி விரிவுரை நடத்துது. தோலை உரிச்சால் உள்ளுக்க இருக்கிறது நாங்கள்தான்.

நல்லூர்த் திருவிழாவை எடுங்கோ. 25 நாள். நாயின்ர கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது. ஆகவே உங்கட வீதிநாய் முருகனின் சிவப்புப் பட்டை வர்ணிக்க ஏலாது. அதுக்குத் திருவிழா எண்டால் மூக்குத்தான்: கற்பூரம், கச்சான், ஈரமணல், ஆயிரக்கணக்கான அந்நியக் கால்கள். கொடி இறங்கின பிறகு அத்தனை மணமும் எங்க போனது எண்டு அதுக்குத் தெரியாது. கதை அந்தத் தெரியாமையில்தான் இருக்குது.

முனிக்குச் சாவுப் பயம் இல்லையெண்டால் வேற என்ன பயம்? படையல் நிண்டுபோறதோ? இதைக் கேட்காமல் அதை எழுதத் தொடங்காதேங்கோ.

பனைக்குக் குருத்து ஒண்டுதான். ஷெல் பட்டு வட்டுப் போனால் திரும்பத் துளிர்க்காது, நிண்டபடியே பட்டுப்போகும். அடிச்சது எந்தப் பக்கம் எண்டு அதுக்குத் தெரியாது. காய்க்கவே 12, 15 வருசம் எடுக்கிற உயிருக்கு எங்கட யுத்தம் எவ்வளவு நீளம்? எங்கட கதைகளில் வாற பனையோ திகதி, இயக்கம், இராணுவம் எல்லாம் மனப்பாடமாகச் சொல்லுது.

'வாய்திறந்து சொல்ல ஏலாததைத்தான் பனையை வைச்சுச் சொல்லுறம்' எண்டு பதில் வரும். நியாயமான பதில்தான். மாதொருபாகன் எதிர்ப்புகளுக்குப் பிறகு பெருமாள்முருகன் 2016இல் கொண்டுவந்த நாவல் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'. அதில ஆடு ஆடாகத்தான் பசிக்குது, ஆடாகத்தான் பயப்பிடுது. அரசியல் அந்தப் பசிக்குள்ளால வருகுது. அது மேடைப்பேச்சு இல்லை.

எங்கட ஊரில் சாட்சி எண்டது விளையாட்டுச் சொல் இல்லை. எப்பவும் எங்களோட ஒத்துப்போகிற சாட்சியை ஆர் நம்புவினம்? எங்களுக்குத் தெரிஞ்சதையே பனையும் சொன்னால், ஒரு சாட்சி கூடேல்லை. சொல்ல வேண்டிய மனுசன் மரத்துக்குப் பின்னால ஒளிச்சிட்டான், அவ்வளவுதான்.

உங்களுக்குச் சொல்ல ஏதும் இருந்தால் உங்கட பேரில சொல்லுங்கோ. பனையைத்தான் எழுதப்போறீங்கள் எண்டால், பனைக்கு என்னென்ன தெரியாது எண்டு முதல் ஒரு பக்கம் எழுதி வையுங்கோ. பிறகு கதையைத் தொடங்கலாம்.