துறைமுகத்தைத் திருத்தினார்கள், வியாபாரம் திரும்பவில்லை

பூமியதிர்ச்சிச் செய்தி வரும்போதெல்லாம் இடிந்த வீடுகளையும் இறந்தவர்களின் எண்ணிக்கையையும்தான் நாம் பார்க்கிறோம். அதில் பிழையில்லை. உயிருக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் தப்பியவர்கள் மறுநாளும் சாப்பிட வேண்டும், அடுத்த மாதமும் சம்பளம் எடுக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் தண்ணீரும் வீதியும் துறைமுகமும் இயங்க வேண்டும். இவை உடைந்தால் எத்தனை நாளில் மீண்டும் இயங்கும் என்பதை அரசாங்கங்களிடம் பெரிதாக யாரும் கேட்பதில்லை. வியாபாரிகளாவது கேட்க வேண்டும். ஏன் என்பதை அறிய ஜப்பானின் கோபே நகரத்தின் கணக்கைப் பார்த்தாலே போதும்.

1995 ஜனவரி 17ஆம் திகதி அதிகாலை 5.46க்கு அந்த நகரம் குலுங்கியது. 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரிய தூண்களின் மேல் ஓடிய ஹன்ஷின் அதிவேக வீதி 600 மீற்றருக்கும் அதிகமான நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. அந்தப் படத்தை உலகமே பார்த்தது. துறைமுகத்தில் நடந்ததை அவ்வளவு பேர் பார்க்கவில்லை.

அதற்கு முந்திய வருடம் கோபே, கொள்கலன் கையாளுவதில் உலகில் ஆறாவது துறைமுகம். சுமார் 29 இலட்சம் கொள்கலன்கள், அதாவது இருபதடிக் கணக்கில். நகருக்கு இடம் போதாததால் பின்னாலுள்ள மலைகளை வெட்டி, அந்த மண்ணைக் கடலில் கொட்டி, போர்ட் ஐலன்ட், ரொக்கோ ஐலன்ட் என்று இரண்டு செயற்கைத் தீவுகளை உண்டாக்கி அங்கே இறங்குதுறைகளைக் கட்டியிருந்தார்கள். ஜப்பானியரின் கெட்டித்தனத்துக்கு உதாரணமாக அந்தத் தீவுகளைக் காட்டியவர்கள் பலர்.

நிரப்பிய மண்ணில் தண்ணீர் ஊறி நிற்கும். பலமாகக் குலுக்கினால் மண்மணிகளின் பிடி விட்டுப்போய் அது சேறு போல ஓடத் தொடங்கும். கோபேயில் நடந்தது இதுதான். கப்பல் கட்டும் இடத்தின் சுவராக வைத்திருந்த பிரமாண்டமான கொன்கிரீட் கூடுகள் சாய்ந்து, சில இடங்களில் ஐந்து மீற்றர் வரை கடல் பக்கம் தள்ளப்பட்டன. பின்னாலிருந்த நிலம் இறங்கியது. பாரந்தூக்கிகள் ஓடும் தண்டவாளங்கள் ஒன்றைவிட்டொன்று விலகியதால் அவற்றின் கால்கள் மடங்கின. தீவுகளை நகரோடு சேர்த்த பாலங்களும் சேதமாயின. கொள்கலன் இறங்குதுறை ஒன்றுகூட உடனே பாவிக்கக்கூடிய நிலையில் இருக்கவில்லை.

ஆனால் பழைய மாயா துறையில் மூன்று தங்குமிடங்கள் மட்டும் தாக்குப்பிடித்தன. அவை பூமியதிர்ச்சியை எதிர்பார்த்து விசேடமாகப் பலப்படுத்தப்பட்டிருந்தவை. நிவாரணப் பொருட்கள் வந்த கப்பல்களுக்கு அவைதான் கைகொடுத்தன. ஆகவே பலமாகக் கட்டும் வித்தை அவர்களுக்குத் தெரியாததல்ல. இத்தனை பெரிய துறைமுகத்தில் மூன்றே மூன்று இடங்களுக்குத்தான் அந்தச் செலவு செய்யலாம் என்று யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கோபே பக்கம் பெரிய அதிர்ச்சி வராது என்ற நம்பிக்கை அப்போது பரவலாக இருந்தது. தீ பிடித்ததே இல்லையென்று காப்புறுதி எடுக்காமல் கடை நடத்துபவரின் கணக்கு இது.

திருத்த வேலையில் ஜப்பானியரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்குச் சற்று மேல், 1997 மார்ச் அளவில், துறைமுகம் முழுதாகத் திருத்தப்பட்டுவிட்டது. அந்த இரண்டு வருடத்தில் கப்பல் கம்பனிகள் சும்மா காத்திருக்கவில்லை. கொரியாவின் பூசானுக்கும் தாய்வானின் காவோசியுங்குக்கும் போனார்கள். கோபேக்காகவே வந்த சரக்கு திரும்பி வந்தது. கோபேயில் இறக்கி வேறு கப்பலில் ஏற்றி மூன்றாம் நாட்டுக்கு அனுப்பும் ட்ரான்ஸ்ஷிப்மென்ட் சரக்கில் பெரும்பகுதி வரவேயில்லை. ஏன் வர வேண்டும்? அந்தப் பெட்டிக்கு கோபேயும் ஒன்றுதான், பூசானும் ஒன்றுதான். பூசானில் செலவும் குறைவு.

நியாயமாகப் பேசினால், எல்லாப் பழியையும் அதிர்ச்சியின் மேல் போட முடியாது. கோபே ஏற்கெனவே விலை கூடிய துறைமுகம், சீனாவின் வளர்ச்சியும் பூசானுக்குச் சாதகம். எப்படியோ கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கும் வியாபாரம் ஒரே காலையில் போனது. 1994இன் அளவை கோபே மீண்டும் தாண்டியது 2017இல்தான். அதே வருடம் பூசான் இரண்டு கோடிக்கு மேல் கையாண்டது. ஆறாவதாக இருந்த கோபே உலகப் பட்டியலில் ஐம்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது.

நகருக்குள்ளே நடந்ததும் இதே மாதிரித்தான். மின்சாரம் ஆறு நாட்களில் பெரும்பாலும் வந்துவிட்டது. மேலே ஓடும் கம்பி, உடைந்த இடம் கண்ணுக்குத் தெரியும், வேறு பாதையாலும் கொடுக்கலாம். (அவசரமாகக் கொடுத்ததில், இடிந்த வீடுகளில் கசிந்திருந்த எரிவாயுவாலும் கவிழ்ந்து கிடந்த மின்சாதனங்களாலும் புதிதாகத் தீப்பிடித்தது வேறு கதை.) தண்ணீரும் எரிவாயுவும் முழுதாக வர மூன்று மாதம் வரை சென்றது. புதைந்த குழாய் எங்கே உடைந்தது என்று தோண்டித்தான் பார்க்க வேண்டும். எரிவாயுக் குழாய்களுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, அதையும் இறைக்க வேண்டியிருந்தது. தீயணைப்புப் படை வந்தபோது வீதிக் குழாய்களில் தண்ணீர் இல்லை. நகாட்டா பகுதியில் செயற்கைத் தோல் சப்பாத்துச் செய்யும் சிறு தொழிலாளர்களின் பட்டறைகள் வரிசை வரிசையாக எரிந்தன. குழாய் நின்றிருந்தால் அவற்றில் எத்தனையோ தப்பியிருக்கும். மொத்த வியாபாரிகள் சீனாவிலிருந்து சப்பாத்து இறக்கப் பழகிக்கொண்டார்கள். சப்பாத்து வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது பாதை ஒன்றை வைத்திருந்தவர்களும் உண்டு. 2011இல் ஜப்பானின் வடகிழக்கில் 9.0 அளவில் அதிர்ந்து சுனாமி வந்தபோது, செண்டாய் நகரின் கடற்கரை எரிவாயு நிலையம் மூழ்கியது. ஆனால் நாட்டின் மறுகரையிலுள்ள நீகாட்டாவிலிருந்து மலை தாண்டி வந்த குழாய் தப்பியது. அதன் மூலம் ஒரு மாதத்துக்குச் சற்று மேல் பெரும்பாலான வீடுகளுக்கு எரிவாயு கொடுத்தார்கள். கடற்கரை நிலையத்தை மட்டும் நம்பியிருந்தால் மாதக் கணக்கில் காத்திருந்திருப்பார்கள்.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எல்லோரும் படித்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. 2023 பெப்ரவரி 6இல் துருக்கியில் 7.8 அளவு அதிர்ச்சி வந்தபோது இஸ்கந்தரூன் துறைமுகத்தில் கொள்கலன்கள் கவிழ்ந்து தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தன. சரக்கு மெர்ஸினுக்கும் எகிப்தின் போர்ட் சயீதுக்கும் திருப்பப்பட்டது. வற்றச் செய்த ஏரியின் மேல் கட்டியிருந்த ஹதாய் விமான நிலையத்தின் ஓடுபாதை பிளந்தது. நிவாரணம் மிக அதிகமாகத் தேவைப்பட்ட நாட்களில் அங்கே விமானம் இறங்க முடியவில்லை.

பொறியியலாளர்கள் ‘பூமியதிர்ச்சியைத் தாங்கும்’ என்று சொல்லும்போது, பெரும்பாலும் இடிந்து ஆளைக் கொல்லாது என்பதுதான் அதன் பொருள். மறுநாள் வேலை செய்யும் என்பது அதற்குள் அடங்காது. வீட்டுக்கு முதலாவது போதும். துறைமுகத்துக்கும் வைத்தியசாலைக்கும் நீரேற்று நிலையத்துக்கும் இரண்டாவதும் வேண்டும். அதற்குச் செலவு கூடும் என்பது உண்மை. எல்லா இறங்குதுறைகளையும் அப்படிக் கட்டச் சொல்லவுமில்லை. எத்தனை என்பதை வியாபாரம் போனால் வரும் நட்டத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். கோபேயில் மூன்று போதவில்லை.

நமது நாடு ஜப்பான், துருக்கி போன்ற அதிர்ச்சி வலயத்தில் இல்லை. ஆனால் 2004இல் சுமாத்திராவில் அதிர்ந்தது இங்கே என்ன செய்தது என்பதை மறந்தவர் இல்லை. கொழும்பில் இறங்கும் கொள்கலன்களில் பெரும்பகுதியும் நமக்கு வந்தவையல்ல, இன்னொரு கப்பலுக்கு மாறிப் போகிறவை. அதிர்ச்சியோ அலையோ புயலோ, மறுநாள் காலை கொழும்பில் எத்தனை இறங்குதுறைகள், எத்தனை பாரந்தூக்கிகள், எந்த மின்சாரத்தில் வேலை செய்யும்? இதற்கு எண்ணிக்கையோடு ஒரு பதிலைத் துறைமுக அதிகாரிகளிடமிருந்து எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியது நமது வர்த்தக சங்கங்களின் வேலை.