மகள் வந்து நின்றால்...

"மக்களே, கொஞ்சம் பொறுத்துக்கோ. நாலு பேரு என்ன சொல்லுவா?" கணவன் வீட்டில் இருக்க முடியாமல் ஒரு பையோடு வந்து நிற்கும் மகளிடம் நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் முதலில் சொல்லப்படுவது இதுதான். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை, பெற்றவர்கள். கடன் வாங்கி, தோப்பை விற்று, பவுன் பவுனாகச் சேர்த்து அவளைக் கட்டிக்கொடுத்தவர்கள். போட்டது அத்தனையும் போய்விடுமே, இளையவளுக்கு வரன் அமையாமல் போகுமே என்ற பதைப்பு அவர்களை அப்படிப் பேச வைக்கிறது. மணமுறிவு கேட்டு நிற்கும் பெண்ணுக்குச் சட்டம் இன்று ஓரளவு கை கொடுக்கிறது. பிறந்த வீடு கை கொடுக்கத் தயங்குகிறது. இந்த வாரம் இதைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும்.

சட்டம் கை கொடுக்கிறது என்றாலும், அதன் வழி எல்லாருக்கும் ஒன்றல்ல. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஒரே தெருவில் இருக்கும். அந்தத் தெருவில் மூன்று வீட்டுப் பெண்கள் மணமுறிவு கேட்டால் மூன்று சட்டப் புத்தகங்களைத் திறக்க வேண்டும். இந்துக்களுக்கு 1955ஆம் ஆண்டின் திருமணச் சட்டம். இருவரும் மனமொத்துப் பிரிவதென்றால் ஓராண்டு தனித்து வாழ்ந்திருக்க வேண்டும். மனு போட்ட பிறகும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். சேர்ந்து வாழ வழியே இல்லை என்று தெளிவாகத் தெரிந்தால் அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது.

கிறிஸ்தவர்களுக்கோ 1869இல் வெள்ளையர் எழுதிய சட்டம். 2001இல் திருத்தப்படும் வரை, மனைவி பிறருடன் தொடர்பு வைத்தாள் என்று கணவன் நிரூபித்தாலே போதும், விவாகரத்து கிடைத்துவிடும். மனைவி கேட்டால் அந்தக் குற்றத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிபதி கொடுத்த தீர்ப்பை உயர் நீதிமன்றமும் உறுதி செய்ய வேண்டும். அன்று மதுரைக் கிளை கிடையாது, அது வந்ததே 2004இல்தான். குளச்சலில் இருக்கும் ஒரு பெண்ணின் விடுதலை சென்னையில் ஒரு கோப்புக்குள் கிடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இன்றும் கோபம் வருகிறது. திருத்தத்துக்குப் பிறகும் மனமொத்த பிரிவுக்கு இரண்டு ஆண்டு தனித்து வாழ வேண்டும் என்றுதான் சட்டத்தில் எழுதியிருக்கிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரள உயர் நீதிமன்றம் 2010இலேயே அதை ஓராண்டாகக் குறைத்துவிட்டது.

இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. மறைமாவட்டத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாக நினைக்கிறார்கள். 2015இல் போப் பிரான்சிஸ் அந்த நடைமுறையை எளிதாக்கியதும் உண்மைதான். ஆனால் அது திருச்சபைக்குள் மட்டுமே செல்லும். நாட்டின் சட்டப்படி திருமணத்தைக் கலைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1996இல் சொல்லிவிட்டது. மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவான குலாவுக்கு ஜமாஅத் கொடுக்கும் சான்றிதழும் அப்படித்தான். கணவனைப் பிரியும் உரிமை முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு, ஆனால் அதைக் குடும்ப நல நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. இந்துக் குடும்பங்களில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நிரூபிக்கக்கூடிய சாதி வழக்கம் இருந்தாலொழிய அந்தத் தாளுக்கும் மதிப்பில்லை. அதை நம்பி மறுமணம் செய்தவர் இருதார மணக் குற்றத்தில் மாட்டிக்கொள்வார். ஏழாண்டு வரை சிறை.

சட்டத்தின் கதை இவ்வளவுதான். ஒரு நல்ல வக்கீல் அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவார். சொல்லிக்கொடுத்தும் தீராத சிக்கல் சொத்தில் இருக்கிறது.

நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் ஒரு காலத்தில் மருமக்கள் வழி இருந்தது. மாமன் சொத்து சகோதரியின் மக்களுக்குப் போகும். அதில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் ஒரு பிடிமானம் இருந்தது என்று இன்று சிலர் பெருமையோடு பேசுகிறார்கள். கணவன் இறந்த மறுநாளே மனைவியும் பிள்ளைகளும் அவனுடைய சகோதரியின் மகன்களால் தெருவில் நிறுத்தப்பட்டதும் அதே முறையில்தான். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' எழுதியது அந்தக் கொடுமையைக் கண்டுதான். 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து முறையை மாற்றியது. கிறிஸ்தவப் பெண்ணுக்குத் திருவிதாங்கூரின் 1916ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த பங்கு, மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. அதுவும் சீதனம் வாங்கியவளுக்கு இல்லை. அந்தச் சட்டம் 1951லேயே செத்துவிட்டது என்று மேரி ராய் என்ற பெண் தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடு 1989இல் இந்து மகளுக்குப் பரம்பரைச் சொத்தில் சம உரிமை கொடுத்தது.

ஆக, சட்டப்படி மகளுக்குப் பிறந்த வீட்டில் இன்று பங்கு உண்டு. நடைமுறையில் அந்தப் பங்கு நகையாக உருமாறி முகூர்த்தத்தன்று அவள் கழுத்தில் ஏறுகிறது. பல வீடுகளில், சொத்துப் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்திலும் அவளிடம் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நிலம் அண்ணனுக்கு, நகை அவளுக்கு. அந்த நகை பிறகு எங்கே போகிறது?

கேரளத்தில் ஒரு பெண்ணின் வழக்கைச் சொல்கிறோம். 2003இல் திருமணம். பெற்றோர் போட்டது 89 பவுன். முதலிரவன்றே கணவர், பத்திரமாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டார் என்றும், பழைய கடனை அடைக்க அது கரைந்துபோனது என்றும் அந்தப் பெண் சொன்னார். குடும்ப நல நீதிமன்றம் 2011இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவிக்கே உரியது, கணவனுக்கு அதில் பங்கில்லை என்று சொல்லி 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. மணநாளிலிருந்து கணக்கிட்டால் இருபது ஆண்டுகளுக்கு மேல்! புதுப்பெண்ணிடம் நகையைக் கழற்றி வாங்கி அலமாரியில் பூட்டுவது நம் ஊரில் வழக்கு வரும் வரை யாருக்கும் தவறாகவே படுவதில்லை. பாசத்தோடுதான் வாங்குவார்கள்; பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். பிரிவு வரும்போது எந்த நகை யார் போட்டது என்பதற்குக் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது. கல்யாண ஆல்பத்தைக் கொண்டுபோய் நீதிபதியிடம் காட்ட வேண்டிய நிலை.

பங்கை அண்ணனிடமும் நகையை மாமியாரிடமும் விட்டுவிட்டு வருகிறவளுக்கு வாய்தாவுக்குப் போக பஸ் காசும் அண்ணி கொடுத்தால்தான். அங்கேதான் அவள் உடைகிறாள். ஜீவனாம்ச மனுவில் இருதரப்பும் சொத்து விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே தொகை கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வகுத்துவிட்டது. பெண்ணுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆனால் வழக்கு நடக்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகள் அவள் எங்கே தூங்குவாள் என்பதைத் தீர்ப்புகள் மட்டும் தீர்த்துவிடுவதில்லை.

ஆண்களின் வலியையும் நாங்கள் மறக்கவில்லை. துபாயிலிருந்து விடுப்பெடுத்து வந்து ஒரு வாய்தாவுக்கு நின்றுவிட்டு, அது தள்ளிப்போனதும் விமானம் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். குழந்தையைப் பார்க்க நீதிமன்ற வளாகத்துக்கு வரும் அப்பாவின் கையில் நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலம் இருக்கும். குழந்தை அம்மாவின் முந்தானையை விடாது. அரை மணி நேரத்தில் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் எழுந்து போவார். குழந்தையை ஆயுதமாக்க வேண்டாம் என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் மன்றாடிக் கேட்கிறோம். தம்பதியரைவிட அவர்களின் பிடிவாதம்தான் பல வழக்குகளை இழுத்தடிக்கிறது.

அரசிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. மணமக்களுக்கு வந்த பரிசுப் பொருட்களைப் பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று 1985ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலை எந்தக் கல்யாண வீட்டில் எழுதுகிறார்கள்? தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்தவரானாலும் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். மூன்று சட்டங்களுக்கும் பொதுவாக இருப்பது அந்த ஒரு பதிவுதான். அதோடு நகைப் பட்டியலையும் இணைக்கச் சொல்லுங்கள். எத்தனை பவுன், யார் போட்டது, யார் கையில் இருக்கிறது என்று மூன்றே வரி. மணமகள் பெயரில் வங்கி லாக்கர் இருந்தால் அதையும் குறிக்கலாம். கன்னியாகுமரி, நாகர்கோவில், குளச்சல், பத்மநாபபுரம், விளவங்கோடு, கிள்ளியூர் என்று ஆறு தொகுதிகளிலிருந்து கோட்டைக்குப் போகும் உறுப்பினர்கள் கட்சி பார்க்காமல் இதைச் சட்டமன்றத்தில் எழுப்ப வேண்டும். அதுவரை, இந்த முகூர்த்த மாதத்தில் மகளைக் கட்டிக்கொடுக்கும் பெற்றோர் ஒரு வெள்ளைத் தாளில் தாங்களே அந்தப் பட்டியலை எழுதி, இரு வீட்டாரிடமும் கையெழுத்து வாங்கி, நகைக்கடை ரசீதோடு மகளிடம் கொடுத்துவிடுங்கள். விடுதலைப் பத்திரத்தை மட்டும் அவள் முன்னால் நீட்டாதீர்கள்.