கேம் ஆடும் பிள்ளை, கேம் செய்யும் பிள்ளை

"போனைக் கீழே வை! எவ்வளவு நேரம்தான் கேம் ஆடுவே?" பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சாயங்காலம் தவறாமல் கேட்கும் குரல் இது. அதே வீட்டில் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில், "எதிர் வீட்டுப் பையன் கோடிங் கிளாஸ் போறானாம். நம்ம பிள்ளையையும் சேர்த்துவிடலாமா?" என்ற பேச்சும் எழும். கேம் கெட்டது, கோடிங் நல்லது என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்திப் பார்த்தே பெற்றோர் மனம் பழகிவிட்டது.

உண்மையில், ஒரு பிள்ளைக்கு புரோகிராமிங் சொல்லித்தர இருக்கும் நல்ல வழிகளில் ஒன்று, அந்தப் பிள்ளையை ஒரு கேம் செய்யச் சொல்வதுதான். ஆடச் சொல்வதல்ல, செய்யச் சொல்வது.

வழக்கமான வகுப்பு எப்படிப் போகும்? முதல் நாள் திரையில் ஒரு வணக்கம். அடுத்து இரண்டு எண்களின் கூட்டல். பிறகு, கொடுத்த எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று கண்டுபிடிக்கும் புரோகிராம். 17 ஒற்றைப்படை என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அதைக் கம்ப்யூட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அந்தப் பிள்ளைக்கு இல்லை. அவசியம் இல்லாத இடத்தில் ஆர்வம் எங்கிருந்து வரும்? மூன்றாவது வாரத்தில் கொட்டாவி வருகிறது. 'நமக்கு இது ஏறாது' என்ற முடிவும் கூடவே வந்துவிடுகிறது. பத்து வயதில் எடுத்த அந்த முடிவைப் பல பிள்ளைகள் கல்லூரி வரை சுமந்துகொண்டு போகிறார்கள். நஷ்டம் கட்டிய பணம் மட்டும் அல்ல.

இந்தச் சிக்கலை அரை நூற்றாண்டுக்கு முன்பே யோசித்தவர் சீமோர் பாப்பர்ட். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்; குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ஜான் பியாஜேயிடம் ஜெனீவாவில் பணிபுரிந்தவர். பிறகு அமெரிக்கா போய், வாலி ஃபியூர்சைக், சிந்தியா சாலமன் ஆகியோருடன் சேர்ந்து 1967-ல் 'லோகோ' என்ற கணினி மொழியைக் குழந்தைகளுக்காகவே உருவாக்கினார். லோகோவில் பின்னாளில் ஓர் ஆமை வந்து சேர்ந்தது. '100 அடி முன்னே போ, வலப்பக்கம் 90 டிகிரி திரும்பு' என்பதை நான்கு முறை சொன்னால் ஆமை ஒரு சதுரம் போட்டுவிடும். கம்ப்யூட்டர் பிள்ளையை ஆட்டிவைக்கக் கூடாது, பிள்ளைதான் கம்ப்யூட்டரை ஆட்டிவைக்க வேண்டும் என்பது பாப்பர்ட்டின் கட்சி.

அவர் வழியில் வந்ததுதான் 'ஸ்கிராட்ச்'. எம்.ஐ.டி. மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு 2007-ல் இதைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. 8 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்தது. காசு கிடையாது. இதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்யத் தேவையில்லை. வண்ண வண்ணக் கட்டைகளாக இருப்பவற்றை மவுஸால் இழுத்து ஒன்றோடொன்று பொருத்தினால் போதும். பொருந்தாத கட்டை ஒட்டாது. ஒரு புள்ளி, ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனதற்காக மணிக்கணக்கில் விழிக்க வேண்டியதில்லை.

சரி, இதில் கேம் செய்யும்போது பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது? ஓர் எளிய கேமை எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து மாம்பழங்கள் விழுகின்றன. கீழே ஒரு கூடை. கூடையை நகர்த்திப் பழத்தைப் பிடிக்க வேண்டும்.

பழம் எங்கிருந்து விழ வேண்டும் என்று சொல்ல, திரையில் இடம் குறிக்கத் தெரிய வேண்டும். ஸ்கிராட்ச் மேடையின் நடுப்புள்ளி 0. வலது ஓரம் 240, இடது ஓரம் மைனஸ் 240. மேல் விளிம்பு 180, கீழ் விளிம்பு மைனஸ் 180. கணக்கு நோட்டில் உயிரில்லாமல் கிடந்த எக்ஸ், ஒய் அச்சுகளும் மைனஸ் எண்களும் இங்கே வேலைக்கு வந்துவிடுகின்றன. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்திலிருந்து பழம் விழ, கம்ப்யூட்டரைக் குலுக்கல் முறையில் ஓர் எண் எடுக்கச் சொல்ல வேண்டும். விழுந்துகொண்டே இருக்க, ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும். அது லூப். 'கூடையைத் தொட்டால் ஒரு மதிப்பெண்' என்பது நிபந்தனை. அந்த மதிப்பெண்ணை நினைவில் வைத்திருக்கும் பெட்டிதான் வேரியபிள்.

இந்த வேரியபிளைப் பற்றி ரெஸ்னிக் 2012-ல் ஒரு டெட் மேடையில் சொன்ன சம்பவம் உண்டு. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் கேமை ஒரு சிறுவன் செய்துகொண்டிருந்தான். ஸ்கோரை எப்படிக் கணக்கு வைப்பது என்று தெரியவில்லை. ரெஸ்னிக் வேரியபிள் போடும் வழியைக் காட்டினார். பையன் கையை நீட்டிக் குலுக்கி, திரும்பத் திரும்ப நன்றி சொன்னான். வேரியபிள் சொல்லிக்கொடுத்ததற்காக இப்படி நன்றி வாங்கும் அல்ஜீப்ரா ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று ரெஸ்னிக் யோசித்தாராம். தேவை முதலில் வந்தது, பாடம் பின்னால் வந்தது. அதனால்தான் அது மனதில் ஒட்டியது.

இதைவிடப் பெரிய பாடம், கேம் ஒழுங்காக ஓடாதபோது கிடைக்கிறது. மாம்பழ கேமைச் செய்யும் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று இடங்களில் இடறுவார்கள். முதலாவது, பழம் கூடையைத் தொட்டும் ஸ்கோர் ஏறாது. தொட்டதா என்று ஒரே ஒரு முறை, அதுவும் ஆட்டம் தொடங்கியபோது மட்டும் பார்க்கும்படி சொல்லியிருப்பார்கள். இரண்டாவது, மறுபடி ஆடினால் ஸ்கோர் பழைய எண்ணிலிருந்தே தொடரும். தொடக்கத்தில் 0 ஆக்கச் சொல்ல மறந்திருப்பார்கள். மூன்றாவதுதான் சுவாரஸ்யம். கல் ஒன்று விழுந்தால் ஓர் உயிர் போக வேண்டும் என்று வைத்திருப்பார்கள். ஆனால், ஒரே கல்லில் மூன்று உயிரும் போய்விடும்! ஸ்கிராட்ச் நொடிக்குச் சுமார் 30 முறை சோதித்துப் பார்க்கிறது. கல் கூடையைத் தொட்டிருக்கும் அந்தக் கணநேரத்திலேயே பல முறை 'தொட்டது, தொட்டது' என்று எண்ணிவிடுகிறது. தொட்டவுடனே கல்லை மேலே அனுப்பிவிட்டால் சரியாகிவிடும்.

இந்தத் தவறுகளை யாரும் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. கேமே காட்டிக்கொடுக்கிறது. 'ஏன் இப்படி ஆகுது?' என்று பிள்ளை தானே கேட்டு, ஒன்றை மாற்றி, ஓடவிட்டுப் பார்த்து, மறுபடி மாற்றுகிறது. தவறு அவமானம் அல்ல, அடுத்து எங்கே பார்க்க வேண்டும் என்ற தகவல் என்பது இப்படித்தான் பழக்கமாகிறது. புரோகிராமரின் அன்றாட வேலையில் பாதி இதுதான்.

அதற்காக, கேம் செய்தாலே எல்லாம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். சில பிள்ளைகள் கூடைக்குக் கலர் கொடுப்பதிலேயே மூன்று வாரம் கழிப்பார்கள். சிலர் வீடியோவைப் பார்த்து, அதில் வரும் கட்டைகளை அப்படியே அடுக்கிவிட்டு 'முடிஞ்சது' என்பார்கள். அது சமையல் நிகழ்ச்சி பார்ப்பது போல. அடுப்படியில் நின்று உப்பு போட்டுப் பார்க்காமல் கை பழகாது. எல்லாப் பிள்ளைக்கும் கேம் பிடிக்கும் என்றும் இல்லை. கதை சொல்லும் அனிமேஷன், அத்தைக்குப் பிறந்தநாள் வாழ்த்து, தம்பிக்கு வாய்ப்பாட்டு வினாடி வினா என எது பிடிக்கிறதோ அதைச் செய்யலாம். பாடம் ஒன்றுதான்.

தமிழகப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலும் ஸ்கிராட்ச் இடம்பெற்றிருக்கிறது. அதை ஒரு மதிப்பெண் வினாவாக மனப்பாடம் செய்வது, நீச்சலைக் கரையில் உட்கார்ந்து படிப்பது போலத்தான். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தாலும் முயன்று பார்க்கலாம். இறக்கி வைத்துக்கொண்டால் இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும். பெரிய கட்டணம் கட்டி வகுப்பில் சேர்க்கும் முன், ஒரு மாதம் இதில் பிள்ளையின் போக்கைப் பார்ப்பது நல்லது.

கட்டைகளோடு நின்றுவிடவும் கூடாது. ஸ்கிராட்ச் கைவந்த பிள்ளை, பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பைத்தான் பக்கம் நகரலாம். பைத்தானோடு 'டர்ட்டில்' என்ற தொகுப்பும் சேர்ந்தே வருகிறது. பாப்பர்ட்டின் அதே ஆமைதான்! அங்கே லூப்பும் நிபந்தனையும் எழுத்து வடிவில் வரும்போது, பிள்ளைக்கு அவை பழைய சிநேகிதர்கள்.

அப்பா அம்மாவுக்குக் கோடிங் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பிள்ளை செய்த கேமை ஒரு பத்து நிமிடம் ஆடிப் பார்க்க நேரம் வேண்டும். ஆடி முடித்ததும், "பழம் இன்னும் வேகமா விழணும்னா எதை மாத்தணும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளை நேராகப் போய் ஓர் எண்ணை மாற்றிக் காட்டினால், புரோகிராமிங் புரிந்திருக்கிறது. விழித்தால், பரவாயில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தேடலாம்.