செஞ்சிக் கோட்டையில் குரங்குகள் பெருகிவிட்டனவா? கண்ணால் பார்த்தது ஏன் கணக்கு ஆகாது?

செஞ்சிக் கோட்டைக்குப் போய்வந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், ராஜகிரியின் படிக்கட்டுக்கு அடுத்து வருவது குரங்குக் கதைதான். பாட்டிலைப் பிடுங்கியது, பையைத் திறந்து பிஸ்கெட்டை எடுத்தது, குழந்தையைப் பார்த்துச் சீறியது என ஆளுக்கு ஒரு அனுபவம் இருக்கும்.

2025 ஜூலையில் மராத்தியர் கால ராணுவ அமைப்புகளாக 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டும்தான். வருகிற கூட்டம் கூடினால், குரங்குப் பேச்சும் கூடத்தான் செய்யும். "குரங்கு ரொம்ப அதிகமாயிடுச்சு, பிடிச்சுக் காட்டுல விடுங்க" என்பது பல சுற்றுலாத் தலங்களில் கேட்டுப் பழகிய கோரிக்கை.

இந்த ஒரு வரிக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. 'அதிகமாயிடுச்சு' என்பது ஒரு கணிப்பு. 'பிடிச்சு விட்டால் சரியாகும்' என்பது ஒரு மருந்து. இரண்டையும் சோதித்துப் பார்க்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும்? வனவிலங்கு மேலாண்மையில் அறிவியல் முறை ஏன் இவ்வளவு முக்கியம்?

நிறைய கண்ணில் பட்டால், நிறைய இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. கோட்டையில் நாம் பார்ப்பது நாட்டுக்குரங்கு. தென்னிந்தியாவில், அதாவது தீபகற்பப் பகுதியில் மட்டுமே வாழும் இனம் இது. கோயில், சாலையோரம், சுற்றுலாத் தலம் என மனிதர்கள் இருக்கும் இடங்களிலேயே பெரும்பாலும் கண்ணில் படுவதால், 'இதுக்கென்ன குறைச்சல்?' என்றுதான் தோன்றும்.

ஆனால் மேவா சிங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மைசூரு வட்டாரத்தின் நெடுஞ்சாலைகளில் 1989 முதல் 2015 வரை சில ஆண்டு இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கணக்கெடுத்தார்கள். அங்கே நாட்டுக்குரங்குகளின் எண்ணிக்கை 65 சதவீதத்துக்கும் மேல் சரிந்திருந்தது. 2017-ல் 'ப்ளோஸ் ஒன்' ஆய்விதழில் இது வெளியானது. ஆல், அத்தி வகை சாலையோர மரங்கள் அழிந்தது, குரங்குகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டது போன்றவை காரணங்களாகச் சுட்டிக்காட்டப்பட்டன. இன்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் நாட்டுக்குரங்கு 'அழிய வாய்ப்புள்ள இனம்' என்ற பிரிவில் இருக்கிறது.

கோட்டை வாசலில் கூட்டமாக நிற்கும் ஒரு விலங்கு, ஊர் ஊராகக் குறைந்துகொண்டும் இருக்கலாம். வாசலில் மட்டும் நின்று பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

அப்படியானால் எப்படித்தான் எண்ணுவது?

இந்தப் பாடத்தை இந்தியா புலிகளை வைத்துக் கற்றுக்கொண்டது. பல பத்தாண்டுகளாகக் கால்தடங்களை வைத்தே புலிகள் எண்ணப்பட்டன. ஒவ்வொரு புலியின் தடமும் தனித்தன்மை கொண்டது, அனுபவசாலிகள் அதைப் பிரித்தறிவார்கள் என்பதே நம்பிக்கை. அந்த நம்பிக்கை முறையாகச் சோதிக்கப்படவில்லை. ஒரே புலியின் தடம் மண்ணின் ஈரத்தைப் பொறுத்து மாறும் என்பதை உல்லாஸ் கரந்த் போன்ற ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

ராஜஸ்தானின் சரிஸ்கா புலிகள் காப்பகத்தில், அதிகாரபூர்வக் கணக்கில் பதினைந்துக்கும் மேற்பட்ட புலிகள் இருந்தன. 2005-ல் தேடிப் பார்த்தபோது ஒன்றுகூட இல்லை. கள்ள வேட்டையில் புலிகள் போய்விட்டன, எண்ணிக்கை மட்டும் ஏட்டில் உயிரோடு இருந்தது. அதன்பிறகுதான் தானியங்கி கேமராக்களும் புள்ளியியல் கணக்கும் தேசிய அளவிலான கணக்கெடுப்புக்கு வந்தன. 2006-ன் மதிப்பீடு 1,411 புலிகள். 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 306.

இந்தப் புதிய முறையின் அடிப்படை ரொம்ப எளிமையானது: 'நம் கண்ணுக்குத் தப்பியவை எத்தனை?' என்பதையும் கணக்கில் சேர்ப்பது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். ஒரே மலையை இரண்டு குழுக்கள் தனித்தனியாகச் சுற்றுகின்றன. முதல் குழு 40 குரங்குக் கூட்டங்களைப் பார்க்கிறது. இரண்டாவது குழு 30 கூட்டங்களைப் பார்க்கிறது. இருவரும் பார்த்தவை 24. அதாவது, இரண்டாவது குழு கண்ட 30-ல் 24-ஐத்தான் முதல் குழுவும் கண்டிருக்கிறது. முதல் குழுவின் பார்வைத்திறன் 80 சதவீதம். அப்படியானால் அவர்கள் கண்ட 40 என்பது மொத்தத்தில் 80 சதவீதம். மொத்தம் சுமார் 50. இரண்டு குழுவும் சேர்ந்து பார்த்தது 46, இருவர் கண்ணிலும் படாமல் போனது ஏறக்குறைய 4.

வரையாடு கணக்கெடுப்பில் தமிழ்நாடு வனத்துறை பயன்படுத்துகிற இரட்டைப் பார்வையாளர் முறையின் தர்க்கம் இதுதான்.

எண்ணிக்கை உயர்ந்தாலும் ஏன் உடனே கொண்டாட முடியாது?

அதே வரையாடு கணக்கெடுப்பையே எடுத்துக்கொள்ளலாம். 2024-ல் தமிழ்நாட்டில் 1,031 வரையாடுகள் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2025-ல் அது 1,303 ஆனது. ஒரே ஆண்டில் கிட்டத்தட்ட கால் பங்கு உயர்வு. நல்ல செய்திதான்.

ஆனால் கணக்கெடுக்கப்பட்ட பகுதிகளும் கூடியிருந்தன. முதல் ஆண்டில் சுமார் 140, அடுத்த ஆண்டில் 175-க்கும் மேல். அதுவும் கால் பங்கு உயர்வு! ஆக, ஆடுகள் கூடினவா அல்லது தேடிய இடம் கூடியதா? இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கலாம். இரண்டு ஆண்டுகளிலும் தேடப்பட்ட பகுதிகளை மட்டும் தனியே எடுத்து ஒப்பிட்டால்தான் பதில் தெரியும். தேடும் பரப்பை விரிவாக்கியது சரியான வேலை. விரிவாக்கியதை மறந்துவிட்டு இரண்டு எண்களை ஒப்பிடுவதுதான் தவறு.

செஞ்சியில் இதை எப்படிப் பொருத்துவது?

வனவிலங்குத் துறையில் அவதானிப்புகள் குவிகின்றன, விளக்கங்கள் சோதிக்கப்படுவதில்லை என்று 1981-லேயே அமெரிக்க ஆய்வாளர் சார்லஸ் ரோம்ஸ்பர்க் எழுதினார். ஒரு காரணம் நியாயமாகத் தோன்றுகிறது என்பதற்காக அதை உண்மை என எடுத்துக்கொள்ளக் கூடாது, அது சரியென்றால் வேறு என்னவெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

'செஞ்சியில் குரங்குத் தொல்லை கூடிவிட்டது' என்பதை ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அதற்குக் குறைந்தது நான்கு விளக்கங்கள் உண்டு.

* பிறப்பு கூடியிருக்கிறது: அப்படியென்றால் கூட்டங்களில் குட்டிகளின் விகிதம் உயர்ந்திருக்கும். சுற்றியுள்ள குன்றுகளிலும் ஊர்களிலும்கூட எண்ணிக்கை ஏறியிருக்கலாம்.
* சாப்பாட்டுக்காகக் கோட்டையில் குவிகின்றன: அப்படியென்றால் கோட்டையில் ஏறும், சுற்றுவட்டாரத்தில் இறங்கும். விடுமுறை நாளுக்கும் வேலை நாளுக்கும் வித்தியாசம் தெரியும்.
* வெளியூரிலிருந்து கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்: அப்படியென்றால் குட்டிகள் அதிகம் இல்லாமலேயே, புதிய பெரிய குரங்குகள் திடீரென்று தென்படும்.
* குரங்குகள் அதேதான், ஆட்கள்தான் கூடியிருக்கிறார்கள்: அப்படியென்றால் மொத்தச் சம்பவங்கள் ஏறும். ஆனால் ஆயிரம் பார்வையாளர்களுக்கு எத்தனை சம்பவம் என்ற விகிதம் பெரிதாக மாறாது.

நான்குக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதுக்குக் கருத்தடையைப் பரிசீலிக்கலாம். இரண்டாவதுக்குக் குப்பைத்தொட்டிக்கு மூடி போட வேண்டும். மூன்றாவதுக்குக் கொண்டுவந்து விடுவதைத் தடுக்க வேண்டும். நான்காவதுக்கு மனிதர்களைத்தான் ஒழுங்குபடுத்த வேண்டும். எந்த நோய் என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் 'பிடிச்சு விடு' என்ற ஒரே மாத்திரையைக் கொடுப்பதில்தான் சிக்கல்.

பிடித்துக் காட்டில் விட்டால் என்னதான் ஆகும்?

உணவுதான் காரணம் என்றால், ஒரு கூட்டத்தை அகற்றிய இடத்துக்கு இன்னொரு கூட்டம் வரும். விடப்பட்ட குரங்குகள் மனித உணவுக்குப் பழகியவை. அவை காட்டின் ஓரத்திலுள்ள அடுத்த கிராமத்துத் தோட்டத்தைத் தேடிப் போகலாம். செஞ்சியில் பிரச்சினை தீர்ந்ததாகக் கோப்பில் எழுதப்படும். இன்னொரு ஊரில் ஒரு விவசாயி வேர்க்கடலையைக் காவல்காக்கப் பகல் முழுக்க வயலிலேயே கிடப்பார். விட்ட இடத்தில் யாரும் எண்ணாததால், அது எந்தக் கணக்கிலும் வராது.

சோதித்துப் பார்க்க வழி இருக்கிறதா?

செஞ்சியின் அமைப்பே ஒரு வாய்ப்பைத் தருகிறது. ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் தனித்தனி நுழைவாயில்கள் கொண்ட தனிக் குன்றுகள். இரண்டிலும் முதலில் சில மாதங்கள் குரங்குகளையும் சம்பவங்களையும் எண்ணலாம். பிறகு ஒன்றில் மட்டும் மூடியுள்ள தொட்டி, உணவு கொண்டுசெல்லத் தடை, கண்காணிப்பு ஆகியவற்றைக் கொண்டுவரலாம். அதன்பின் இரண்டிலும் மீண்டும் எண்ணலாம். மாற்றம் செய்த குன்றில் மட்டும் தொல்லை குறைந்தால், அந்த நடவடிக்கைக்குப் பலன் இருக்கிறது என்று சொல்ல ஓர் ஆதாரம் கிடைக்கும். இரண்டிலும் குறைந்தால்? மழை, சீசன், பழுத்த மரம் என வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

இதிலும் ஓட்டைகள் உண்டு. ஒரே கூட்டம் இரண்டு குன்றுகளுக்கும் போய்வரலாம். ஒரு பக்கம் சாப்பாடு நின்றதும் அது அடுத்த பக்கம் தாவிவிட்டால் ஒப்பீடே கெட்டுவிடும். அதனால் கூட்டங்களை முதலிலேயே அடையாளம் கண்டு வைக்க வேண்டும். இரண்டு குன்றுகளை மட்டும் வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் எழுதவும் முடியாது. குரங்குகள் உள்ள மற்ற கோட்டைகளிலும் கோயில்களிலும் இதையே திரும்பச் செய்து பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா?

கடி வாங்கியவருக்குச் சிகிச்சையும் வாசலில் கூடுதல் காவலும் எந்த ஆய்வுக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் குரங்குகளைப் பிடித்து இடம் மாற்றுவது எளிதில் திருப்ப முடியாத முடிவு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும், பல இடங்களில் குறைந்துவரும் ஓர் இனத்தின் மீது எடுக்கப்படும் முடிவு.

அடுத்த முறை 'இத்தனை குரங்குகள் பிடிக்கப்பட்டன' என்ற செய்தி உங்கள் போனில் வந்தால், மூன்றைக் கேட்டுப் பாருங்கள். பிடிப்பதற்கு முன் எத்தனை இருந்தன, எந்த முறையில் எண்ணினார்கள்? ஆறு மாதம் கழித்து அங்கே எத்தனை இருக்கின்றன? விட்ட இடத்தில் என்ன ஆனது? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், அந்தச் செய்தியிலிருந்து தெரிவது குரங்குகள் இடம் மாறின என்பது மட்டும்தான்.