ஹெபடைட்டிஸ் சி: பிரசவத்துக்குப் பின் நழுவும் சிகிச்சை

ஹெபடைட்டிஸ் சி உள்ள கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 6. எச்.ஐ.வி.யும் சேர்ந்திருந்தால் அது கிட்டத்தட்ட இரு மடங்காகிறது. ரத்தத்தில் வைரஸின் ஆர்என்ஏ இல்லாத தாயிடமிருந்து தொற்றுவது மிக அரிது. எதிர்ப்பொருள் பரிசோதனை ‘பாசிடிவ்’ என்றதுமே நோயாளி என்று முடிவுகட்டக் கூடாது. வைரஸ் தானாக நீங்கியவர்களிடமும் மருந்தால் குணமானவர்களிடமும் எதிர்ப்பொருள் தங்கியிருக்கும். ஆர்என்ஏ முடிவு வரும்வரை பேச்சில் நிதானம் தேவை, அதுவும் கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும் புறநோயாளிப் பிரிவில்.

பிரசவ அறையில் பயத்தால் செய்யப்படுபவை அதிகம். இந்தத் தொற்றுக்காக மட்டும் சிசேரியன் செய்வதில் பயனில்லை. தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், புண் ஆறும்வரை பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட வேண்டும். தவிர்க்க வேண்டியவை வேறு: சிசுவின் தலைத்தோலில் மின்முனை பொருத்துவதும், பனிக்குடம் உடைந்தபின் பிரசவத்தை நீளவிடுவதும். உள்ளங்கை, பாத அரிப்போடு வருபவரிடம் பித்தநீர்த் தேக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். இத்தொற்றுள்ள கர்ப்பிணிகளிடம் அது கூடுதலாகக் காணப்படுகிறது.

வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் 8 முதல் 12 வாரங்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோரைக் குணமாக்குகின்றன. கர்ப்ப காலத்தில் அவற்றைக் கொடுப்பதற்கான சான்றுகள் இன்னும் குறைவு. எனவே பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின்னரே தொடங்கப்படுகின்றன. ரிபாவிரின் கர்ப்பத்தில் அறவே கூடாது. இந்தியாவில் 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் மருந்து இலவசம். தடை விலையில் இல்லை. பிரசவமானதும் தாய் பிறந்த வீட்டுக்குப் போய்விடுகிறார். மகப்பேறு மருத்துவரின் கையை விட்டவர் கல்லீரல் மருத்துவரிடம் போய்ச் சேர்வதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆர்என்ஏ முடிவும், அடுத்து போக வேண்டிய சிகிச்சை மையமும், தேதியும் எழுதப்பட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது.

குழந்தையின் பரிசோதனையும் இப்படித்தான் தவறுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் 18 மாதம்வரை குழந்தையின் ரத்தத்தில் இருக்கக்கூடும் என்பதால், அதற்கு முன் அந்தப் பரிசோதனை எதையும் உறுதிப்படுத்தாது. 18 மாதம் காத்திருந்தாலோ பல குடும்பங்கள் திரும்பி வருவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-இல் 2 முதல் 6 மாத வயதுக்குள் ஆர்என்ஏ பரிசோதனையைப் பரிந்துரைத்தது. இந்தியத் தடுப்பூசி அட்டவணையின் 10, 14 வாரத் தவணைகள் இந்த இடைவெளிக்குள்ளேயே வருகின்றன. ஊசி போட வந்த அன்றே ரத்தம் எடுத்துவிடலாம். ஆர்என்ஏ இருந்தாலும் உடனே மருந்து கிடையாது. சில குழந்தைகளிடம் வைரஸ் தானாகவே நீங்கிவிடும். நீங்காதவர்களுக்கு 3 வயது முதல் மாத்திரை கொடுக்கலாம்.