பாய்ப்பலகையும் ஐம்பது கடந்தாரும்

தேகாப்பியாசம் இளைஞர்க்கே உரியதென்னும் எண்ணம் நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றி நிற்கின்றது. தலை நரைத்தவுடன் விளையாட்டை விடுத்துத் திண்ணையில் அமர்வதே கண்ணியமென்று கருதுவோர் இன்றும் பலர். யாம் அக்கொள்கையுடையோம் அல்லோம். ஐம்பது வயதிற்குப் பின்னரும் நீந்துவாரையும் பந்தாடுவாரையும் கண்டு மகிழ்கின்றோம். ஆயினும், மனம் இளமையாயிருந்தால் உடலும் இளமையாகவே இருக்குமென்று துணிந்து இறங்குவாரின் வேகமும் எமக்கு உடன்பாடன்று. இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு நெறி உண்டு. பாய்ப்பலகை விளையாட்டில் அண்மையில் பரவிவரும் ஒரு புதுமையைக் கொண்டு அந்நெறியை ஈண்டு ஆராய்வோம்.

விண்ட்ஸர்ஃபிங் என வழங்கும் பாய்ப்பலகை ஓட்டம் 1984 முதல் ஒலிம்பிக் பந்தயங்களுள் ஒன்று. பலகைமேல் நின்று, கையிற் பிடித்த பாயால் காற்றை ஏற்று, நீர்மேல் விரைவதே அது. புதுமை யாதெனின், பலகையின் அடியில் ஒரு கம்பத்தைப் பொருத்தி, அதன் முனையில் விமானச் சிறகு போன்ற தகடுகளை அமைப்பதாம். இதனை ஃபாயில் என்பர். வேகம் இருமடங்காயின் சிறகை மேலே உந்தும் விசை ஏறக்குறைய நான்மடங்காகும். ஆதலின் பலகை நீரைவிட்டெழுந்து பறக்கின்றது. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கை ஒட்டி மார்செய்ல் நகரக் கடலில் நடந்த பாய்ப்பலகைப் பந்தயங்கள் இவ்வகைப் பலகையிலேயே நிகழ்ந்தன. அதன் கம்பத்தின் நீளம் 95 சென்டிமீட்டர். அதற்கு முந்திய ஆண்டில், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் நாட்டு ஈபாத் அலி வெண்கலப் பதக்கம் பெற்றது சிறகில்லாப் பழைய பலகையிலாகும்.

முதியோர் இதனை விரும்புதற்குத் தக்க காரணமுண்டு. மெல்லிய காற்றே போதும், பாயும் சிறிதாயிருக்கலாம், பலகை உயர்ந்து செல்லுதலால் சிற்றலைகளின் குலுக்கல் முழங்காலைத் தாக்குவதில்லை. பழகிய பின்னர் இது உடலுக்கு இதமான விளையாட்டேயாம். இடர் முழுவதும் பழகுங் காலத்திலேயே உள்ளது.

அவ்விடர் எவ்வாறு நேர்கின்றதெனில், சிறகு நீர்மட்டத்திற்குமேல் வெளிப்பட்டவுடன் உந்துவிசை அற்றுப் பலகை சட்டென வீழ்கின்றது. ஓட்டுபவரோ முன்னோக்கி எறியப்படுகின்றார். இடுப்புக் கச்சையைப் பாயின் கயிற்றில் மாட்டியிருப்பாராயின் பாயோடு சேர்ந்தே வீசப்படுவார். தலை பாய்மரத்தில் மோதலாம், விலாவெலும்பு முறியலாம், தோள்மூட்டு நழுவலாம், கால்வாரிற் சிக்கிய கணுக்கால் திருகலாம். சிறகின் ஓரம் கூரியதாகலின் முன்கால் கிழிபடுதலும் உண்டு.

இவை எவ்வயதினர்க்கும் பொதுவே. ஆயினும், இளைஞனுக்குச் சில வாரங்களில் ஆறும் காயம் ஐம்பத்தைந்து வயதினரைப் பல மாதங்கள் முடக்கக்கூடும். எலும்பின் உறுதி குறைகின்றது. தசைநார் நெகிழ்ச்சி இழக்கின்றது. தடுமாறிய உடலை நிலைநிறுத்தும் விரைவும் மட்டுப்படுகின்றது. இரத்தம் உறையாதிருக்க மருந்துண்பார்க்குத் தலையிற் படும் சிற்றடியும் பேராபத்தாகலாம்.

இவற்றினும் நுட்பமான அபாயமொன்றுண்டு. அஃது பழைய தேர்ச்சியேயாம். பழைய பலகையில் பின்காலில் எடையை ஊன்றிப் பின்னுக்குச் சாய்ந்து நிற்றல் வழக்கம். சிறகுப் பலகையிலோ எடை முன்காலில் இருத்தல் வேண்டும். பின்காலை ஊன்றினால் பலகையின் முகப்பு மேலெழும்பிச் சிறகு நீரைவிட்டு வெளிப்படும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்பது பழமொழி. இங்கோ, இருபத்தைந்தில் வளைந்தது ஐம்பதில் நிமிர மறுக்கின்றது. முப்பதாண்டு பழகியவர், "எனக்குத் தெரியாததா?" என்று ஆசிரியரின்றி இறங்குதலே விபத்திற்கு வாயிலாகின்றது. அறிந்தவர் மாணாக்கராதல் அறியாதவர் மாணாக்கராதலினும் அரிது.

நம் பழைய மாணவருள் பலர் கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க் கண்டிகை, திருவள்ளூர்ப் பகுதிகளிலுள்ள தொழிற்சாலைகளில் உழைக்கின்றனர். அவர்கட்கு யாம் கூறுவது எளிது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சுழலும் பொறிகட்கு வேலியிட வேண்டுமென 21-ஆம் பிரிவில் விதித்தது. இந்நாளிலும் உருக்காலையுள் தலைக்கவசமின்றி ஒருவரும் புகார். ஆறு நாள் அவ்விதியைப் பிறர்க்கு ஓதும் மேற்பார்வையாளர், ஏழாம் நாள் வேலியில்லாத கத்தியொன்றின்மேல் வெறுந்தலையோடும் வெறுங்காலோடும் நிற்பது முறையாமோ?

ஆகவே, தலைக்கவசமும், அடிதாங்கி மிதக்கச் செய்யும் மார்புச் சட்டையும், காலுறையும் அணிக. தொடக்கத்தில் குட்டைக் கம்பமும், குறைந்த வேகத்திலேயே எழும் பெரிய சிறகும் கொள்க. கால்வாரையும் கச்சையையும் சிலகாலம் தவிர்க்க. விழுங்கால் பாயின் பிடியை விடாது, சிறகினின்று விலகி வீழப் பழகுக. களைப்புத் தோன்றுமுன் கரையேறுக, தனியே செல்லற்க. மருத்துவரை முன்னரே கலந்து கொள்க.

இடமறிதலும் இன்றியமையாதது. அண்மையிலுள்ளதென்று பழவேற்காட்டு ஏரியை நாடுதல் தகாது. அதன் சராசரி ஆழம் ஏறக்குறைய 1 மீட்டரே. 95 சென்டிமீட்டர்க் கம்பம் அங்கே சேற்றில் ஊன்றிப் பலகை நிற்க, மனிதர் மட்டும் பறப்பார். அன்றியும் அது பறவைகளின் புகலிடம். மீனவர் வலைவிரித்துப் பிழைக்குமிடம். ஒருவர் பொழுதுபோக்குக்காக மற்றொருவர் வலை கிழிபடலாகாது. 2011 டிசம்பர் 25-ஆம் நாள், கிறிஸ்து பிறந்த திருநாளன்று, அங்கே படகு கவிழ்ந்து 20 பேருக்கு மேல் மாண்ட துயரத்தை இவ்வட்டாரத்தார் மறந்திலர். அமைதியாகத் தோன்றும் நீரும் எச்சரிக்கையின்மையைப் பொறுப்பதில்லை என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

உடல் இறைவன் நம்மிடம் ஒப்புவித்த பொருள். அதனைப் பயன்படுத்தாது துருப்பிடிக்க விடுதலும் தவறு. கணக்கின்றிச் செலவிடுதலும் தவறு. ஒரு கை முறிந்தால் ஓர் இல்லத்தின் வருவாய் தடைப்படும் குடும்பங்கள் நம்மிடையே பலவுள. ஆதலின், நரைத்த அன்பர்காள்! கற்க விழைவீராயின் தடையின்றிக் கற்மின். ஆனால், முதல் வகுப்பில் அமரும் சிறுவனது பணிவோடு கற்மின். அப்பணிவே நும் தலைக்கவசத்தினும் வலிய கவசமாகும்.