இன்ஹேலர்னா என்ன, கெட்ட வார்த்தையா?

போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு அக்கா பையனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வயசு 7. விலா உள்ளே இழுக்குது, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை. நெபுலைசர் வெச்சதும் மூச்சு வந்துச்சு. "தினமும் போடச் சொன்ன இன்ஹேலர் என்னாச்சு?"ன்னு கேட்டார் டாக்டர். அக்கா அம்மாவைப் பார்த்தாங்க. அம்மா சுவத்தைப் பார்த்தாங்க. "நல்லாத்தானே இருந்தான், பழகிடப் போகுதுன்னு நிறுத்திட்டோம்."

அங்கதாங்க எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

பழகிடுமாம்! தினமும் பல் தேய்க்கிறோமே, அதுவும் கெட்ட பழக்கமா? அலர்ஜி ஆஸ்துமாவுல, இருமல் இல்லாத நாள்லயும் மூச்சுக்குழாய்க்குள்ள வீக்கம் இருக்கும். நெபுலைசர்ல வைக்கிற சால்பியூட்டமால், இறுகின குழாயைச் சில மணி நேரம் தளர்த்தும். வீக்கத்தை அது தொடாது. நம்ம பாஷைல சொன்னா, சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரி. பக்கை சரிபண்றது தினமும் இழுக்கிற ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். அதை நிறுத்திட்டு மாசாமாசம் ரீஸ்டார்ட் பண்ணிக்கிட்டிருந்தா எப்படி?

அடுத்த வாதம்: "இன்ஹேலர் ரொம்ப ஸ்ட்ராங், சிரப்பே போதும்." கணக்கு போடுவோம். 5 மி.லி. சால்பியூட்டமால் சிரப்புல 2 மில்லிகிராம் மருந்து. இன்ஹேலரை ஒரு தடவை அழுத்தினா 100 மைக்ரோகிராம். இருபதுல ஒரு பங்கு! அதுவும் நேரா நுரையீரலுக்குப் போகுது.

ஸ்டீராய்டால பக்கவிளைவே இல்லையான்னா, இருக்கு. புடசோனைடு பல வருஷம் எடுத்த குழந்தைங்க பெரியவங்களானப்ப உயரம் சராசரியா 1.2 செ.மீ. குறைஞ்சிருந்ததுன்னு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு. மூச்சு முட்டுற ராத்திரியோட ஒப்பிட்டு நீங்களே சொல்லுங்க.

வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல இழுப்போ, ராத்திரி இருமி முழிக்கிறதோ, விளையாட்டைப் பாதில விடுறதோ இருந்தா ஆஸ்துமா கட்டுப்பாட்டுல இல்லைன்னு அர்த்தம். உடனே மருந்தைக் கூட்டணும்னு இல்லை. ஒழுங்கா போடுறானா, ஸ்பேசர் வெச்சு இழுக்கிறானான்னு முதல்ல பாருங்க. படுக்கிற ரூம்ல கொசுவர்த்தி புகையுதான்னும் பாருங்க. (எங்க வீட்ல புகைஞ்சுது!)

இப்ப பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி இன்ஹேலர், அப்புறம் பிரஷ். வாய் கொப்புளிச்ச மாதிரியும் ஆச்சு. மறந்தா அம்மாவே ஞாபகப்படுத்துறாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். மருந்தை ஆரம்பிக்கிறதும் நிறுத்துறதும் டாக்டரைக் கேட்டு. பக்கத்து வீட்டு மாமியைக் கேட்டு இல்லை.